கால் பழகிவிடும்... கை நீட்டத்தான் பழக வேண்டும்!

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மூன்று நாளில் 60 மைல். நடை மூன்று நாள்தான். ஆயத்தம் ஆறு மாதம்.

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரம். மூன்று நாளில் 60 மைல் நடந்து முடித்த கூட்டம் திடலில் நிற்கிறது. நிற்கிறது என்பது ஒரு மரியாதைக்குத்தான். பாதிப்பேர் ஒற்றைக் காலை ஊன்றி மற்றதற்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் உள்ளே நடந்து வருகிறார்கள். சட்டென்று கூட்டம் குனிகிறது. ஆளுக்கு ஒரு ஷூவைக் கழற்றுகிறது. அத்தனை ஷூக்களும் தலைக்கு மேலே உயர்கின்றன.

நம்மூர்க் கூட்டத்தில் ஒருவர் காலணியைக் கழற்றித் தூக்கினால் போலீஸ்காரர் ஓடிவருவார். அங்கே அது வணக்கம். இந்த நடையின் நிறைவு விழாவில் வழக்கமாகச் செய்யும் மரியாதை.

தூக்கிய ஷூவின் அடியைப் பார்த்தால் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருக்கும். மூன்று நாளில் எந்த ஷூவும் அப்படித் தேயாது. அது ஆறு மாதக் கணக்கு.

மதுரையிலிருந்து ஒட்டன்சத்திரம்

1980-ல் சூசன் கோமென் என்ற அமெரிக்கப் பெண் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 36. அவருடைய தங்கை நான்சி பிரிங்கர் 1982-ல் டாலஸ் நகரில் அக்காவின் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறுவருடமே முதல் ஓட்டம். 800 பேர் வந்தார்கள். அந்த அமைப்பின் பெயரில் பிற்பாடு பிரபலமானதுதான் 'த்ரீ-டே' என்ற மூன்று நாள் நடை.

60 மைல் என்றால் சுமார் 96 கிலோமீட்டர். மதுரையில் கிளம்பி திண்டுக்கல் வழியாக ஒட்டன்சத்திரம் போய்ச் சேரும் தூரம். நாளுக்கு 20 மைல். மணிக்கு 3 மைல் வேகத்தில் போனால் நடை மட்டுமே ஏழு மணி நேரம் ஆகும். சாப்பாடு, கழிப்பறை வரிசை, கொப்புளத்துக்குக் கட்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு முழுப் பகல் போய்விடும். சான் டியேகோவில் முதல் நாளே டோரி பைன்ஸ் மலைச்சாலை ஏற்றம் வேறு. இரவுக்கு இளஞ்சிவப்புக் கூடாரம், இருவருக்கு ஒன்று.

ஒரு நாள் 20 மைல் நடப்பது வீம்பு இருந்தாலே முடிகிற காரியம். மறுநாள் விடியற்காலை, கூடாரத்துக்குள் குனிந்து உட்கார்ந்து, வீங்கிய அதே காலை அதே ஷூவுக்குள் நுழைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அதனால்தான் 24 வாரப் பயிற்சி அட்டவணைகளில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட நடை வருகிறது. வாரநாள்களில் சின்னச் சின்ன நடைகள். சனிக்கிழமை நீளமாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை, உடம்பு வேண்டாம் என்று சொல்லும்போது, கொஞ்சம் குறைவாக இன்னொன்று. களைத்த காலோடு நடக்கப் பழக்குவதே நோக்கம்.

முதல் மாதம் யாருக்கும் சிரமம் தெரிவதில்லை. மூன்றாவது மாதம் சனிக்கிழமையே காணாமல் போகிறது. பிள்ளையின் நீச்சல் வகுப்பு, மளிகைக்கடை, நண்பர் வீட்டுப் பிறந்தநாள் எல்லாவற்றையும் நடை விழுங்குகிறது. இரவுச் சாப்பாட்டைக் கணவர் பொறுப்பில் விட்ட குடும்பங்களில் தோசைக்கல் எத்தனை தீய்ந்தது என்பதற்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

கொப்புளத்தின் இலக்கணம்

கல்லூரி நாள்களில் ஒருமுறை நானும் பழநிக்கு நடந்தேன். பயிற்சி கிடையாது, பக்தியும் அரைகுறைதான், காலில் புத்தம்புதுச் செருப்பு. நத்தம் தாண்டுவதற்குள் இரண்டு குதிகாலிலும் நெல்லிக்காய் அளவில் கொப்புளம். கூட நடந்த செட்டிநாட்டுப் பெரியவர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், வெறுங்காலோடு என்னை முந்திப் போனார். போகிறபோது, "புதுசு போட்டா நடப்பாக?" என்று மட்டும் கேட்டார்.

நீண்ட நடையின் முதல் பாடமே அந்தக் கேள்விதான். நடைநாளில் எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. ஷூ, காலுறை, உள்ளாடை, சாப்பிடும் தின்பண்டம்கூட. பயிற்சிக் காலத்திலேயே ஒரு ஜோடி ஷூ உழைத்து ஓய்ந்துவிடும். அது ஓய்வதற்கு முன்பே இரண்டாவது ஜோடியை வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். வாங்கும்போது மாலையில் போக வேண்டும். அப்போதுதான் கால் வீங்கி அதன் நிஜ அளவில் இருக்கும். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக எடுத்தால் இறக்கத்தில் விரல்நுனி முட்டாது. முட்டினால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும்.

கொப்புளத்துக்கு மூன்று பெற்றோர்: உரசல், சூடு, ஈரம். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் அது பிறக்கச் சிரமப்படும். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்வதால் நடையர்கள் அதைத் தொடுவதில்லை. செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளிக் காலுறை, விரலிடுக்கில் வாஸ்லின், மத்தியானச் சாப்பாட்டின்போது காலுறை மாற்றம். ஒரு இடம் லேசாகச் 'சுட' ஆரம்பித்தவுடன் நின்று, அங்கே ஒட்டுப்பட்டை போட்டுவிட வேண்டும். 'அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாம்' என்று நடந்தவர்கள்தான் மருத்துவக் கூடாரத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் அறிவுரை அங்கே ஆபத்தாகலாம். 'நிறையத் தண்ணி குடி' என்பது பாதிப் பாடம்தான். ஏழு, எட்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. அதனால் நிறுத்தங்களில் உப்பு பிஸ்கட், சிப்ஸ், சமயத்தில் வெள்ளரி ஊறுகாய்கூட வைக்கிறார்கள். ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளச் சோறுதான் இல்லை.

சிகிச்சை முடித்து நடக்க வருகிறவர்களுக்கு இன்னொரு கவனம் உண்டு. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்கலாம். கையைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் நடக்கும்போது யாருக்குமே விரல் தடிக்கும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவரைக் கேட்டு அழுத்த உறை அணிவதா, எத்தனை தூரம் நடப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. முடியாவிட்டால் பின்னால் வேன் வருகிறது. அலங்காரம் செய்து, ஹாரன் அடித்துக்கொண்டு, வழியில் நொண்டுகிறவர்களைப் பொறுக்கிக்கொண்டு போகும். அதில் ஏறுவது தோல்வியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறுகிறவர் முகம் மட்டும் அதை நம்பாது.

| நடப்பதற்கே ஒரு பலன் |
|---|
| அமெரிக்க நர்ஸுகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 பெண்களைத் தனியாகக் கவனித்தார்கள். முடிவு 2005-ல் வெளியானது. வாரத்துக்கு 3 முதல் 5 மணி நேரம் சாதாரண வேகத்தில் நடப்பதற்குச் சமமான உடலுழைப்பு உள்ளவர்களிடம், அசையாமல் இருந்தவர்களைவிட, அந்த நோயால் இறப்பது குறைவாக இருந்தது. நடைதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல இது போதாது. நலமாக இருந்தவர்கள் அதிகம் நடந்திருக்கலாம். ஆனால் '60 மைலெல்லாம் என்னால் முடியாது' என்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தச் சின்ன எண்ணைத்தான். |

மடிப்பிச்சை

இனிமேல்தான் நிஜமான ஏற்றம். நடக்க வேண்டுமானால் ஒவ்வொருவரும் குறைந்தது 2,300 டாலர் திரட்டித் தர வேண்டும் என்பது பல ஆண்டுகள் இருந்த விதி. நம் கணக்கில் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். குறைந்தால் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும். கால் எத்தனை பழகியிருந்தாலும் இந்தத் தொகை வராமல் நடக்க விடமாட்டார்கள்.

தமிழர்களுக்கு இது விளங்காத ஏற்பாடு இல்லை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர், சொந்தக் கார் வைத்திருப்பவரானாலும், மஞ்சள் துணியோடு நாலு வீட்டு வாசலில் நின்று மடிப்பிச்சை எடுத்துத்தான் காணிக்கை செலுத்துவார். பெட்டியில் பணம் இருக்கிறதே, அதையே கொடுத்தால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு வாங்கும்போது கேட்பவரிடம் ஏதோ ஒன்று இறங்குகிறது. வேண்டுதலின் பாதி அந்த இறக்கம்தான்.

அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த இறக்கம் எளிதில்லை. 'யாரிடமும் கை நீட்டாதே' என்று சொல்லி வளர்த்த வீடு. கோயில் திருப்பணிக்குக் கேட்கலாம், தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவுக்குக் கேட்கலாம். 'மார்பகம்' என்ற சொல்லை எழுதி, அலுவலகத்துக்கும் மாமனார் வீட்டுக்கும் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்புவது வேறு விஷயம். முதல் வரியை எழுதுவதற்கே ஒரு வாரம் ஆகும். அனுப்பியபின் கணக்குகள் எல்லாம் மாறிப்போகும். கட்டாயம் கொடுப்பார் என்று நினைத்தவர் வாழ்த்துச் சின்னம் ஒன்றைத் தட்டிவிட்டு ஒதுங்குவார். லிஃப்டில் மட்டும் பார்த்த ஒருவர் 100 டாலர் போடுவார். பணியாளர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாக நிறுவனமே இன்னொரு பங்கு போடும் திட்டம் பல அமெரிக்க நிறுவனங்களில் உண்டு; அதற்கான படிவத்தை நிரப்பும்படி நச்சரிக்கத் தெரிந்தவர் பாதித் தொகையைச் சீக்கிரம் எட்டிவிடுவார்.

பணத்தோடு வருகிற கதைகளுக்குத்தான் யாரும் ஆயத்தமாக இருப்பதில்லை. ஒருவரிடம் கேட்டால் 'எங்கம்மாவுக்கும் இருந்தது' என்பார். பக்கத்து மேசைக்காரர் இதுவரை சொல்லாததைச் சொல்வார். நம் வீடுகளில் 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லியே ஒரு தலைமுறை போயிற்று. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாளே என்ற கவலை வேறு. அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியோ குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் என்பதுதான். மகள் ராத்திரியில் ஊருக்கு ஃபோன் போட்டு, "அம்மா, பெரியத்தைக்கு என்னம்மா நோய்?" என்று கேட்பாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.

அத்தை என்பது முக்கியம். மரபணு வழியாக வரும் ஆபத்து அப்பா வழியிலும் வரும். மேரி-க்ளேர் கிங் என்ற விஞ்ஞானி 1990-ல், இந்த நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருவதற்குக் காரணமான ஒரு மரபணு 17-வது குரோமோசோமில் இருப்பதாகக் காட்டினார். பிஆர்சிஏ-1 என்று இன்று பரிசோதனைக்கூடங்களில் தேடப்படுவது அதைத்தான். மறைத்த கதை ஒன்று வெளியே வந்தால், அடுத்த தலைமுறைப் பெண் எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்பதே மாறலாம். 2,300 டாலரில் சேராத வரவு இது.

1998

ஒரே ஆண்டில் மூன்று விஷயங்கள் நடந்தன.

லண்டனில் நள்ளிரவில், அலங்கரித்த பிராவை வெளியே தெரிய அணிந்துகொண்டு மாரத்தான் தூரம் நடக்கும் 'மூன்வாக்' அந்த ஆண்டு தொடங்கியது. அதைத் தொடங்கிய நீனா பரோ என்பவர் 1996-ல் தோழிகளோடு நியூயார்க் மாரத்தானை அப்படி நடந்து பணம் திரட்டியவர். அதற்குப் பிறகு அவருக்கே மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது.

அமெரிக்காவில் ஏவான் அழகுசாதன நிறுவனத்துக்காக டான் பல்லோட்டா என்பவரின் நிறுவனம் முதல் மூன்று நாள் நடையை நடத்தியது. சான்டா பார்பராவிலிருந்து மாலிபு வரை.

மூன்றாவது, அந்த செப்டம்பரில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஹெர்செப்டின் என்றால் பலருக்குத் தெரியும். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதம், ஹெர்-2 என்ற புரதம் மிகையானவை. வேகமாகப் பரவும் கொடிய வகை என்று அஞ்சப்பட்டவை. அவற்றுக்கு நேராகக் குறிவைத்த முதல் மருந்து இது. இதன் பின்னால் இருந்த டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன் தன் ஆய்வுக்கு மருந்து நிறுவனம் தயங்கிய காலத்தில் நின்று பிடித்தது நன்கொடையால்தான். அவருடைய பழைய நோயாளி ஒருவரின் மனைவி லில்லி டார்டிகாஃப், ரெவ்லான் முதலாளி ரொனால்ட் பெரல்மனை விடாமல் கேட்டு வாங்கிக் கொடுத்த பணம் அது. 1994-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'ரெவ்லான் ரன்/வாக்' நடையைத் தொடங்கியவர்களும் இவர்களே.

நடப்பதால் மருந்து வருமா என்று கிண்டல் செய்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். நடந்ததால் வந்ததா என்பதைவிட, கூச்சப்படாமல் ஒருத்தி கேட்டதால் வந்தது என்பது சரி.

வாங்கிய கை பதில் சொல்ல வேண்டும்

கை நீட்டியவருக்கு ஒரு கடமை உண்டு. 'நான் கொடுத்த காசு எங்கே போச்சு?' என்று கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நடையர்கள் பலர் தடுமாறுகிறார்கள்.

60 மைல் நடையை நடத்துவதே பெரிய செலவு. கூடாரம், சாப்பாடு, வேன், விளம்பரம். செலவு அதிகம் என்ற புகார்களுக்கு நடுவே 2002-ல் ஏவான் பல்லோட்டாவிடமிருந்து பிரிந்தது. அவர் கடையை மூடினார். சுமார் 350 பேர் வேலை இழந்தார்கள். பிறகு 2013-ல் பரவலாகப் பார்க்கப்பட்ட ஓர் உரையில் அவர் தன் பக்கத்தைச் சொன்னார்: செலவைக் குறைக்கிறேன் என்று பிரிந்த மறுவருடம் மார்பகப் புற்றுநோய்க்குச் சேர்ந்த நிகரத் தொகை 84 சதவீதம் விழுந்தது என்று. அவர் தன் வழக்கைத் தானே வாதாடுகிறார் என்பதை மறக்காமல் கேட்டாலும், வெறும் 'நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?' என்ற கேள்வி போதாது என்பது உண்மைதான்.

மூன்று நாள் நடை பிறகு கோமென் கைக்கு வந்தது. 2012 ஜனவரி இறுதியில் பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற, கருக்கலைப்புச் சேவையும் தரும் அமைப்புக்கு மானியத்தை நிறுத்துவதாகக் கோமென் எடுத்த முடிவு வெளியே வந்தது. நாடு கொதித்தது, சில நாள்களில் முடிவைத் திரும்பப் பெற்றது. நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. நடக்க வருவோர் குறைந்தார்கள் என்று சொல்லி, 14 நகரங்களில் நடந்ததை 7 நகரங்களாகச் சுருக்குவதாக 2013-ல் அறிவித்தது.

அதற்கும் முன்பே 2010-ல் பொரித்த கோழி விற்கும் கேஎஃப்சியோடு சேர்ந்து இளஞ்சிவப்பு வாளிகளில் கோழி விற்றது இதே அமைப்பு. இளஞ்சிவப்பைப் பூசி எதையும் விற்கலாம் என்ற இந்த வியாபாரத்தை எதிர்த்து, 'இளஞ்சிவப்பு வாங்கும் முன் யோசி' என்ற பிரசாரத்தை 2002-லேயே தொடங்கியிருந்தது 'பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்' என்ற சான் ஃபிரான்சிஸ்கோ அமைப்பு. அவர்கள் கேட்கச் சொன்ன கேள்விகள் எளியவை. என் பணத்தில் எவ்வளவு போகிறது? யாருக்கு? எதற்கு? ஆராய்ச்சிக்கா, விழிப்புணர்வுச் சுவரொட்டிக்கா? இவை முதல் மாதமே, கடிதம் எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை. அமெரிக்க அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் அரசுக்குக் கொடுக்கும் 990 எண் படிவம் யாரும் பார்க்கக்கூடியது. 24 வாரம் நடக்கிறவர் அதற்கு ஒரு மாலையை ஒதுக்கலாம்.

ஆராய்ச்சி என்றாலும் எந்த ஆராய்ச்சி? நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியபின்தான் உயிரை எடுக்கிறது. ஆனால் 2000 முதல் 2013 வரை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செலவான பணத்தில் பரவிய நிலைக்கென ஒதுங்கியது சுமார் 7 சதவீதம்தான் என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. 'மீண்டவர்' என்ற பட்டியலில் ஒருபோதும் வரமுடியாத பெண்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இளஞ்சிவப்பு விழாக்களைப் பார்த்து எரிச்சலடைகிறார்கள். அவர்களுக்காக யாரும் ஷூவைத் தூக்குவதற்கு முன், இதைக் கேட்டிருக்க வேண்டும்.

| எண்கள் |
|---|
| 2022-ல் உலகில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 23 லட்சம். இறந்தவர்கள் சுமார் 6.7 லட்சம். |
| அமெரிக்காவில் 1989-லிருந்து 2022-க்குள் இந்நோயால் இறப்போர் விகிதம் 44 சதவீதம் குறைந்தது. |
| இந்தியாவில் 2022 மதிப்பீடு: புதியவர்கள் சுமார் 1.92 லட்சம், இறப்பு சுமார் 98,000. இந்த இரண்டு எண்களின் நெருக்கத்துக்கு முக்கியக் காரணம், நோய் முற்றியபின் வருவது. |

சென்னைப் பெண்ணின் கடைசி வேண்டுகோள்

1958-ல், 19 வயதில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கக் கடல் கடந்து போனவர் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன். வாழ்நாள் முழுவதும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். மார்பகத் திசுவில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஏற்கும் ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பது அவர் துறை. இன்று ஒரு கட்டியை எடுத்தவுடன் அதில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். அவர் மகள் கமலா ஹாரிஸ் பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரானார்.

சியாமளா 2009 பிப்ரவரியில் ஓக்லண்டில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். தன் நினைவாக நன்கொடை தருவதானால் 'பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்' அமைப்புக்குத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். சோதனைக்கூடத்துக்குள்ளேயே ஆயுளைக் கழித்தவர், கேள்வி கேட்கிற அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்.

திங்கட்கிழமை

நடை முடிந்த மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். மாடிப்படியில் இறங்கும்போது பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்குகிறார்கள். சனிக்கிழமை விடியற்காலை அலாரம் இல்லாமலே விழிப்பு வருகிறது, போக இடமில்லை. ஆறு மாதமாகச் சேர்ந்து நடந்த தோழிகள் ஒரு வாரம் பேசிக்கொள்கிறார்கள், பிறகு குறைகிறது. நன்றிக் கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது. அதில் ஒன்று அந்த லிஃப்ட்காரருக்கு. எதற்காகக் கொடுத்தார் என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

கட்டைவிரலில் கறுத்த நகம் ஓரிரு மாதத்தில் தானாகக் கழன்று விழும். அடியில் மெல்லிசாக ஒரு புது நகம் இருக்கும். அது முழுசாக வளர ஓர் ஆண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். அது பாதி வளர்வதற்குள் அடுத்த ஆண்டுக்கான பதிவு தொடங்கிவிடும்.